வலப்பக்கம் ஒரு சாண் குறைவு

ஜூன் 4

தம்பிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் இனி உன்னோடு பேசமாட்டேன். உன் நம்பரிலிருந்து அழைப்பு வராதபடி செய்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால், சின்ன வயதிலிருந்து உன்னை மன்னித்தே பழகிப்போன என் வாய் 'சரி விடுடா' என்று சொல்லிவிடும். எழுத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

நேற்று மதியம் நீ அனுப்பிய பார்சல் தையற்கடைக்கே வந்தது. கூட வேலை செய்கிற பெண்கள், 'தம்பி என்னமோ அனுப்பியிருக்கான், பிரிங்க அக்கா' என்று சுற்றி நின்றார்கள். நானும் பெருமையாகத்தான் பிரித்தேன். பளபளவென்று ஒரு பெட்டி, உன் கம்பெனி விற்கப்போகிற பட்டம். பெட்டியின் மேல் உன் மாமா.

என் புருஷனின் முகத்தை அட்டைப்பெட்டியில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. பக்கவாதம் இழுத்த வாய். மணிக்கட்டில் நான் தைத்துக் கட்டிய பட்டை. தூக்கிப் பிடிக்க முடியாமல் முன்னால் நீண்டு நிற்கிற வலது கை. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'இவராலேயே முடிகிறது. உங்களால் முடியாதா?'

அந்த 'இவராலேயே' என்பதை எழுதியது யார்? நீயா? எழுதும்போது உனக்குக் குமட்டவில்லையா?

இன்னொன்றும் பார்த்தேன். திடலில் நீ அந்தப் படம் எடுத்த அன்று அவர் வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. பெட்டியில் அது இல்லை. கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டிருக்கிறீர்கள். அவர் வாயைத் துடைக்கிறது என் வேலை. உன் ஆபீஸில் யார் அதைச் செய்தார்கள்?

நீ காப்பியடித்த என் பட்டத்தை நான் எதற்குச் செய்தேன் என்பது ஊருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனிடம் கைப்பயிற்சிக்கு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். 'நான் என்ன குழந்தையா' என்று சுவரில் எறிந்தார். ஒரு மாதம் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அப்புறம்தான் நான் கடையில் மிஞ்சிய கூடாரத் துணியில் இரண்டு கயிற்றுப் பட்டம் தைத்தேன். வலது கயிற்றை இழுத்தால் வலது பக்கம் திரும்பும், இடதை இழுத்தால் இடது. ஸ்டியரிங் மாதிரி. கூடாரக் கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு ஓட்டைக் கட்டை வைப்போமே, அதே யோசனையில் பெரிய கோட்டுப் பொத்தான் இரண்டைக் கோத்து, கயிற்றை வேண்டிய அளவு கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்தேன். ஏழு தடவை பிரித்துத் தைத்தேன். முதல் தடவை அது மேலே நின்றபோது அவர் முகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான். அது பெட்டியில் போடுகிற படம் இல்லை.

பட்டத்தை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியோடு குப்பை வண்டியில் போட்டேன்.

எப்போது அளந்தாய்? அதை மட்டும் சொல்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபப்படுவாய் என்று தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன். அது தப்பாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் நான் லீவில் வந்திருந்தபோது, நீயும் மாமாவும் கைப்பயிற்சிக்குப் போன அன்று காலை அளந்தேன். கட்டிலில் விரித்து வைத்து, துணி, குச்சி, கயிறு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஒளித்துச் செய்யவில்லை, நீங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

என் நிலைமையையும் பார். ஆறு வருஷமாக இந்த விளையாட்டுச் சாமான் கம்பெனியில் பந்து வைக்கிற பையும் மட்டை உறையும்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். புதிதாக ஏதாவது கொண்டுவராவிட்டால் டிசைன் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். உன் பட்டத்தைக் காட்டியதும் எழுந்து நின்று கைகொடுத்தார். அக்கா, எனக்கு இதுவரை யாரும் எழுந்து நின்று கைகொடுத்ததில்லை.

உன் வேலையை நாங்கள் கெடுக்கவில்லை. பொத்தான்களை மட்டும் எடுத்துவிட்டோம். பார்க்கத் தையற்கடை மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் சொன்னார். அதற்குப் பதில் கயிற்றை நீ வைத்திருந்த அளவிலேயே முடிச்சுப் போட்டுத் தைத்துவிட்டோம். வலது கயிறு, இடது கயிறு இரண்டும் உன் அளவுதான், ஒரு நூலிழை பிசகவில்லை. கயிற்றில் நீலமாகச் சில கறைகள் இருந்தன, அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பெட்டியில் இருக்கிற வாசகம் விற்பனைப் பிரிவு எழுதியது. நான் இல்லை. படத்துக்கு மாமாவிடம் கேட்டேன். தலையாட்டினார்.

நம்ம பட்டம் நாலாயிரம் வீட்டுக்குப் போகப் போகிறது. கொஞ்சம் சந்தோஷப்படேன்.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

தலையாட்டினாரா? நோய் வந்ததிலிருந்து யார் என்ன கேட்டாலும் அந்தத் தலை தானாக ஆடும். 'உங்களைக் குப்பையில போடட்டுமா மாமா' என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார். மூன்று நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாயே, அதைக் கவனிக்கவில்லையா? கவனித்திருக்கிறாய். அதனால்தான் வாயால் பதில் வாங்காமல் தலையோடு நிறுத்திக்கொண்டாய்.

'நம்ம பட்டம்' என்று இனி எழுதாதே. படிக்கும்போது வாய் கசக்கிறது.

பெட்டியைக் குப்பையில் போட்டதும் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? சனிக்கிழமை மருந்து வாங்கப் போனோம். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் கடை. மருந்துக்கடைக்காரர் நல்லவர், கெட்ட எண்ணம் இல்லாதவர். ஓடிப்போய் ஒரு பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்து, 'சார், நீங்க பெரிய ஆளாயிட்டீங்க' என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள், அப்புறம் அவரைப் பார்த்தார்கள். ஒரு அம்மா கீழே இருந்த வரியைச் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு, 'ஐயோ பாவம்' என்றாள்.

அவர் நல்ல கையால் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்தால் பின்பக்கத்திலும் அதே படம், சின்னதாக.

அன்றிலிருந்து திடலுக்கு வரமாட்டேன் என்கிறார். கைப்பயிற்சிக்கும் வரவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பயிற்சி கொடுக்கிற அம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். 'முதல் வருஷத்துல திரும்புறதுதான் திரும்பும், இப்ப விட்டா கை அப்படியே நின்னுடும்' என்று அவர் காதில் விழும்படிதான் சொன்னார். சுவர் கேட்டுக்கொண்டது.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. மிச்சம் மூன்று. என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

நான் செய்த பட்டத்தின் கயிறுகளைக் கத்திரியால் வெட்டித் துண்டுதுண்டாக்கி அடுப்பில் போட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து அதை நீ அளந்துகொண்டிருப்பது கண்ணில் தெரிகிறது.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மாமாவுக்கு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீ இன்னும் அருவருப்பாய் என்பதால் கேட்கவில்லை.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், அதையும் மறைக்கவில்லை. பட்டங்கள் திரும்பி வருகின்றன.

ஒன்றுகூட நேராக நிற்கவில்லையாம். மேலே ஏறுகிறது, ஏறியதும் வலது பக்கம் சுருண்டு தலைகீழாகத் தரையில் குத்துகிறது. ஒருவர் கார் கண்ணாடியில் குத்திவிட்டது என்கிறார். இன்னொருவர் பட்டத்தை நாலாக மடித்து, உள்ளே ஒரு கெட்ட வார்த்தையை எழுதி அனுப்பியிருக்கிறார். நேற்று கிடங்கில் எண்ணூறு பெட்டி அடுக்கியிருந்தது. எண்ணூறு மாமா. அதற்கு நடுவில் நடந்து போகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

கேட்பாய் என்று நானே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அதைத் திடலில் ஒருமுறைகூடப் பறக்கவிட்டுப் பார்க்கவில்லை. கிடங்கில் கயிறுகளை ஆணியில் கட்டி, பெரிய மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தி, துணி கிழிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வலது கயிறு ஒரு சாண் குறைவாக இருந்தது. முதலாளி ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. 'அதுதான் சார் இதோட ரகசியமே' என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் கைகொடுத்தார்.

உன் கையில் நேராகப் பறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதே துணி, அதே அளவு. என்ன தப்பு, அக்கா? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஒருவேளை அந்த நீலக் கறையில் ஏதாவது இருந்ததா?

தம்பி


ஜூலை 10

தம்பிக்கு,

சிரித்தேன். உன் கடிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பக்கத்து மெஷின் பெண் பயந்துபோனாள். அப்புறம் என் சிரிப்பே எனக்கு அசிங்கமாக இருந்தது. கூடப்பிறந்தவன் விழுவதைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு என்னை ஆக்கிவிட்டாயே என்று அதற்கும் உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள். அது என் கையில் நேராகப் பறக்கவில்லை. உன் மாமா கையில் நேராகப் பறந்தது.

உன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார். இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கும். அவருக்கு நிற்காது. இடது கையை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடிப்பார். வலது கைக்கு இழுக்கிற பலம் இல்லை, காற்று பட்டத்தை இழுக்க இழுக்க அது நீண்டு முன்னால் போய்விடும். அப்போது வலது கயிறு தளர்ந்துவிடும், பட்டம் இடது பக்கம் விழும். எத்தனை தூரம் கை நீளுகிறதோ அத்தனை தூரம் வலது கயிற்றைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடும். இதைத்தான் அந்தப் பொத்தான் செய்தது.

முதல் நாள் ஒரு சாண் நாலு விரல் குறைத்து வைத்தேன். பட்டத்தோடு மல்லுக்கட்டியே கைக்குக் கொஞ்சம் பலம் வந்தது. வாராவாரம் பொத்தானைத் தள்ளிக் கயிற்றை நீட்டிக்கொண்டே வந்தேன். நீ வந்த வாரம் ஒரு சாண் குறைவில் இருந்தது. நீ கறை என்று விட்டுவிட்டாயே, அது துணியில் குறிபோடுகிற தையற்கட்டியின் நீலம். ஒவ்வொரு வாரமும் எங்கே நின்றது என்று நான் போட்ட கோடு. அவர் குணமாகிற கணக்கு அது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

நீ அளந்தது பட்டத்தை இல்லை. ஏப்ரல் மாதத்தில் என் புருஷனின் வலது கை எந்த அளவில் இருந்ததோ, அதை அளந்துகொண்டு போய் நாலாயிரம் பேர் தலையில் கட்டியிருக்கிறாய். கூட்டிக் குறைக்கத்தான் அந்தப் பொத்தான். அதை எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டுத் தைத்தீர்கள் பார், ஈயடிச்சான் காப்பிகூட ஈயோடு நிற்கும்.

இப்போது தெரிந்துகொண்டாய். இரண்டு கயிற்றையும் சமமாக்கினால் மற்றவர்களுக்கு நேராகப் பறக்கும். உன் முதலாளியிடம் போய்ச் சொல். கைம்மாறாக ஒன்றே ஒன்று. அவர் முகத்தை அந்தப் பெட்டியிலிருந்து எடு.

அக்கா


ஜூலை 18

அக்காவுக்கு,

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டம் யாருடையது, எதற்காகச் செய்தது, நான் எப்படி அளந்தேன், ரகசியம் என்று எப்படிப் புளுகினேன், எல்லாம். முதலாளி அமைதியாகக் கேட்டார். கடைசியில், 'ரொம்ப உருக்கமா இருக்கு தம்பி, இதையும் பெட்டியில போடலாமே' என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே சொன்னார். அப்போதுதான் எனக்குக் குமட்டியது. ஏப்ரலில் உன் கட்டிலில் உட்கார்ந்து அளந்தபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கயிறுகளைப் பிரித்துத் தைக்க நேரம் இல்லை என்றுவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு லேபிள் ஒட்டி மறுபடி அனுப்பப் போகிறார்கள். 'வலப்பக்கம் பாயும் சாகசப் பட்டம்' என்று. கோளாறையே பெருமையாக்கிவிட்டார்கள். லேபிளை வரைகிற வேலை எனக்கு. மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்கார்ந்து வரைந்தேன். உனக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒன்று மட்டும் செய்தேன். லேபிளை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, சரியாக மாமாவின் முகத்துக்கு மேல் ஒட்டும்படி குறித்துக் கொடுத்தேன். பின்பக்கத்துக்கும் ஒன்று. யாரும் கவனிக்கவில்லை. இப்போது கிடங்கில் எந்தப் பெட்டியிலும் அவர் முகம் இல்லை. கடைக்குப் போய்விட்ட பெட்டிகளை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இதுதான் என் வீரம். நீ காறித் துப்பினாலும் சரி.

தம்பி


ஜூலை 23

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுதச் சொன்னவர் வேறு ஆள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டே திட்டிக்கொண்டிருந்தேன். 'வலப்பக்கம் பாயுற சாகசப் பட்டமாம், தூ' என்றேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், ஐந்து வாரமாக வேணும், வேணாம் தவிர வாய் திறக்காதவர், திரும்பினார்.

'எவ்வளவு இழுக்குது?' என்றார்.

எனக்கு விளங்கவில்லை. 'எது?' என்றேன்.

'வண்டி வலது பக்கம் இழுக்குதுன்னா எவ்வளவு இழுக்குதுன்னு சொல்லணும்ல. கொஞ்சமா, நிறையவா?'

ஒரு சாண் என்று சொன்னேன். 'அப்ப எனக்குச் சரியா இருக்கும். ஒண்ணு அனுப்பச் சொல்லு' என்றார்.

அந்த அசிங்கம் நம்ம வீட்டுக்கு வேண்டாம், நானே புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. 'நீ தைச்சா எனக்கு ஏத்த மாதிரி தைப்ப. அது யாருக்கும் ஆகாம கெடக்கு. அதத்தான் ஓட்டிப் பாக்கணும்' என்கிறார். டிப்போவில் யாரும் தொடாத ஓட்டை வண்டியை இவர்தான் எடுத்துக்கொண்டு போவார், உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஒன்று அனுப்பு. பெட்டி வேண்டாம்.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்த குவியலில் குச்சி உடையாததாகப் பார்த்து எடுத்தேன். ஒரு மூலையில் யாருடைய திடலிலோ பட்ட சேறு காய்ந்திருக்கிறது, துடைத்தும் போகவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன்.

தப்பாக நினைக்காதே, கயிறுகளை இன்னொரு தடவை அளந்து பார்த்தேன். வலது பக்கம் சரியாக ஒரு சாண் குறைவு. மாமாவுக்கு நேராக நிற்கும்.

நின்றால் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திடலுக்குப் போனோம். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மணிக்கட்டுப் பட்டையை நான் கட்டிவிட்டேன், பட்டத்தைத் தூக்கிக் கொடுத்தேன். நல்ல காற்று. ஏறியது. ஏறி, மெல்ல இடது பக்கம் சாய்ந்து தரையில் குத்தியது.

இடது பக்கம். உன் நாலாயிரம் பேருக்கும் வலது பக்கம் விழுகிற பட்டம்.

மூன்று தடவை விட்டோம். மூன்று தடவையும் இடது. கடைசி வேலையில்கூட அளவில் ஏமாற்றிவிட்டான் என்று உன்னைத்தான் திட்டினேன். பையிலிருந்து டேப்பை எடுத்துப் புல்லில் உட்கார்ந்து அளந்தேன். நீ எழுதியது சரிதான், சரியாக ஒரு சாண் குறைவு. அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவருக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது.

'வண்டியில கோளாறு இல்ல' என்றார். 'டிரைவர்ல கோளாறு.'

தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். ஏப்ரலில் நின்ற இடத்தில் அந்தக் கை இப்போது நிற்கவில்லை, இன்னும் முன்னால் போகிறது. ஏழு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததற்கு அது கொடுத்த பதில். தன் கையையே அவர் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. உன் பெட்டியை நான் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பார்த்தேனோ அப்படி. அருவருப்பு. அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நீ. கையில் வைத்துக்கொண்டே இருந்தது நான். கயிற்றை வெட்டி எரித்தேனே, அதற்குப் பதிலாக அந்த வாரமே அவரை எழுப்பித் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு என் கோபம்தான் பெரிதாக இருந்தது. இதை உனக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அங்கேயே உட்கார்ந்து உங்கள் தையலைப் பிரித்தேன். என் சட்டையிலிருந்து இரண்டு பொத்தானை அறுத்துக் கோத்தேன். வலது கயிற்றை ஒரு விரல் குறைத்தேன், போதவில்லை. இரண்டு விரல் குறைத்தேன். நின்றது. பதினோரு நிமிஷம் நின்றது. கை நடுங்கியது, வாய் ஒழுகியது, துடைக்கப் போனால் தோளால் தள்ளிவிட்டார். திரும்பி வரும்போது வழியில், நாளைக்குப் பயிற்சிக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டார்.

இரண்டு விரல். உன் பெட்டி இந்த வீட்டுக்குச் செய்தது எவ்வளவு என்று யாராவது கேட்டால் இனி நான் வாயால் சொல்ல வேண்டாம், கயிற்றிலேயே காட்டலாம். நீலக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அது திரும்பி வரும் என்று பயிற்சி கொடுக்கிற அம்மா உறுதி சொல்லவில்லை. பார்க்கலாம் என்கிறார்.

உன்னை வரச் சொல்லி எழுது என்று உன் மாமா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னார் என்று எழுதிவிட்டேன். நான் சொல்லவில்லை. ஏப்ரலில் நீ அளந்துகொண்டு போன அந்த ஒரு சாணுக்கு அவர் கை திரும்பி வரட்டும். வந்த அன்று உனக்குக் கடிதம் போடுகிறேன். அன்றைக்குப் புறப்பட்டு வா.

கை வராவிட்டால், கடிதமும் வராது.

அக்கா